வாசப்படியைத் தொடாத வெள்ளம்

சீடருக்கு அறுபத்துமூன்று வயது. குருவுக்கு முப்பத்தெட்டு. இதில் இரண்டு பேருக்குமே கூச்சம் கிடையாது.

சீடர் பெயர் கோதண்டபாணி. பொதுப்பணித் துறையில் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் மட்டம் பார்த்த கண். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் காலண்டரை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். அவர் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில், பந்தக்கால் சாய்ந்திருக்கிறது என்று எழுந்து போய்விட்டாராம். முகூர்த்தம் தாண்டுவதற்குள் திரும்பி வந்துவிட்டார். அந்தப் பந்தக்கால் இன்றைக்கும் நேராக நிற்கிறது என்று சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

குரு அமலோற்பவம். நிறுவல் கலை செய்கிறவர். படம் வரைந்து சுவரில் மாட்டுகிற வேலை இல்லை அது. ஓர் இடத்தையே எடுத்துக்கொண்டு, அதில் எதையாவது கட்டி, தொங்கவிட்டு, அதற்குள் நம்மை நடக்கவிடுவார். ஒரு தடவை, வறண்டுபோன கிணறு ஒன்றுக்குள் அந்த ஊரின் ஓட்டைக் குடங்களையெல்லாம் கட்டி இறக்கினார். காற்றடித்தால் குடங்கள் ஊதும். கிணறு தாகத்தில் முனகுகிற மாதிரி கேட்கும். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் அன்றைக்குக் குழாயை இறுக்கி மூடிவிட்டுப் படுத்தார்கள். சிலர் பக்கத்து வீட்டுக் குழாயையும் போய் மூடினார்கள்.

கோதண்டபாணி அந்தக் கிணற்றைப் பார்க்க வந்தவர்தான். எட்டிப் பார்த்துவிட்டு அமலோற்பவத்திடம் சொன்னார்.

"இடப்பக்கம் குடமெல்லாம் ரெண்டு விரக்கடை இறங்கியிருக்கும்மா."

"தெரியும் சார். அந்தப் பக்கம்தான் ஊத்து இருந்துச்சாம்."

கோதண்டபாணி வீட்டுக்குப் போய் யோசித்தார். மறுநாள் காலையில் டிபன் பாக்ஸோடு வந்து நின்றார். அன்றிலிருந்து அவர் இவரை டீச்சர் என்கிறார். இவர் அவரை சார் என்கிறார்.

அந்த வருஷம் டீச்சர் எடுத்துக்கொண்ட இடம், அன்றில் ஏரி நகர், இரண்டாவது குறுக்குத் தெரு. சென்னைக்குத் தெற்கே. அன்றில் பறவையும் கிடையாது, ஏரியும் கிடையாது. ஏரியைத் தூர்த்து மனை போட்டவர்கள் பெயரை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன் பெய்த மழையில் ஏரி தன் வீட்டைத் தேடிக்கொண்டு திரும்பி வந்தது. வந்த ஏரி ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் நின்றது. கெளுத்தி மீன்கள் மாடிப்படி ஏறின. ஒரு தவளை இரண்டாம் மாடி வரைக்கும் போய், கதவு திறக்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் உள்ளே போனது என்று அந்தத் தெருவில் சொல்கிறார்கள். தவளை அவ்வளவு மரியாதையானதா என்று நமக்குத் தெரியாது. தண்ணீர் மரியாதை பார்க்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

டீச்சரின் திட்டம் எளிமையானது. ஒரே ஒரு நீல நைலான் கயிறு. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், வீட்டுக்கு வீடு, வெள்ளம் நின்ற உயரத்தில் ஓடும். அன்றைக்கு அவரவர் வீட்டில் மிதந்து போன சாமானில் ஒன்றை அதில் தொங்கவிட வேண்டும். மழைக்காலம் தொடங்கும்வரை கயிறு இருக்கும்.

ஒரே ஒரு சட்டம். கயிற்றை டீச்சர் கட்ட மாட்டார். வீட்டுக்காரர்தான் தன் கையால் முடிச்சுப் போட வேண்டும். தண்ணீர் எதுவரைக்கும் வந்தது என்று அவர் சொல்கிறாரோ, அதுவரைக்கும்.

கோதண்டபாணிக்கு இந்தச் சட்டம் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. தன் பழைய மட்டக் கருவியைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"டீச்சர், தண்ணி மட்டமாத்தான் நிக்கும். ஒரு வீட்ல பாத்தா போதும். மத்த வீட்டுக்கெல்லாம் நானே இதை வெச்சு நூல் பிடிச்ச மாதிரி குறிச்சிடுவேன்."

"பெட்டியை அந்த நிழல்ல வையுங்க சார்."

வைத்தார். வைத்துவிட்டு, ரொம்ப நாளாக மனதில் கிடந்ததைக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர். வெள்ளம் வந்தா நாங்களும் கல்லு நட்டு, வெள்ளை அடிச்சு, இதுவரைக்கும் தண்ணி வந்துச்சுன்னு கோடு போடுவோம். நீங்களும் அதையேதான் செய்யறீங்க. நான் போட்டா அது கோடு. நீங்க போட்டா அது கலை. என்ன வித்தியாசம்?"

டீச்சர் கயிற்றுச் சுருளைப் பிரித்தார்.

"தெரியல சார். இந்தக் கயித்தைக் கொஞ்சம் பிடிங்க."

கோதண்டபாணி கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

முதல் வீட்டுக்காரர் ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டி, ஒரு பிளாஸ்டிக் குடத்தைத் தொங்கவிட்டார். அடுத்த வீட்டில் ஒற்றைச் செருப்பு. அதற்கடுத்து ஒரு குக்கர் மூடி. ஒரு வீட்டில் ஹார்மோனியப் பெட்டியின் துருத்தி. கயிறு தலைக்கு மேலே நகர்ந்து நகர்ந்து தெருவின் பாதிக்கு வந்ததும் காற்று கிளம்பியது. சாமான்கள் எல்லாம் ஒன்றாக ஆடின. ஆடவில்லை, மிதந்தன. கீழே நின்ற கோதண்டபாணி அண்ணாந்து பார்த்தார். அவருக்கு மூச்சு முட்டியது. தெருவில் நடக்கிற எல்லாரும் தண்ணீருக்கு அடியில் நடந்துகொண்டிருந்தார்கள். காய்கறி வண்டிக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு தண்ணீருக்கு அடியில் போனார். நாய் ஒன்று தண்ணீருக்கு அடியில் குரைத்தது.

"டீச்சர்," என்றார். கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வீடு சிகாமணியுடையது.

சிகாமணியும் அவர் மனைவியும் மாடியில் இருந்தார்கள். கீழ்ப் போர்ஷனை வாடகைக்கு விடுவதாக கேட்டில் 'டு லெட்' பலகை தொங்கிக்கொண்டிருந்தது. பலகை தொங்க ஆரம்பித்து, அதில் ஒரு குளவி கூடு கட்டி, குஞ்சு பொரித்து, குஞ்சுகள் வேறு வீடு பார்த்துப் போய்விட்டன. மனிதர்கள் யாரும் வரவில்லை. வந்து கேட்கிறவர்களிடம் சிகாமணி ஒரே பாட்டைத்தான் பாடுவார்: நம்ம வீட்டுக்கு மட்டும் தண்ணி வரல. வாசப்படியைக்கூடத் தொடல. கேட்டவர்கள் பக்கத்து வீட்டுச் சுவரில் இருக்கும் கறையைப் பார்ப்பார்கள். சிகாமணி வீட்டின் புதுச் சுண்ணாம்பைப் பார்ப்பார்கள். போன் பண்றேன் சார் என்று போய்விடுவார்கள்.

"இங்க கயிறும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நடையைக் கட்டுங்க," என்றார் சிகாமணி.

டீச்சர் நகரவில்லை. "உங்க வீட்ல தண்ணி எதுவரைக்கும் சார் வந்துச்சு?"

"அதான் ஊருக்கே தெரியுமே. வாசப்படியைக்கூடத் தொடல."

"சரி. அங்கேயே கட்டிடுங்க."

சிகாமணி கண்ணைச் சுருக்கினார். "எங்கே?"

"வாசப்படிக்குக் கீழ. நீங்க சொல்ற இடத்துலதான் கட்டணும். அதான் சட்டம்."

கோதண்டபாணி கயிற்றை இழுத்துப் பிடித்தார். "டீச்சர், தண்ணி எப்படி இங்க மட்டும்..."

"சார், கயித்தைத் தளர்த்தி விடுங்க."

சிகாமணிக்கு முதலில் சந்தேகம். பிறகு சிரிப்பு. பிறகு குஷி. குனிந்து, வாசப்படிக்கு ஒரு விரல் கீழே, தன் கையாலேயே இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டார். கேட்டின் அந்த மூலையில் இன்னொன்று. மிதந்து போன சாமான் எதுவும் இல்லையா என்று கேட்டதற்கு, "தண்ணியே வரல, சாமான் எங்கேர்ந்து மிதக்கும்?" என்றார்.

ஆக, நீல வெள்ளம் தெரு முழுக்கத் தலைக்கு மேலே வந்து, சிகாமணி வீட்டு முன்னால் விழுந்து, வாசப்படிக்கு அடியில் பணிவாக ஊர்ந்து, வீடு தாண்டியதும் மறுபடி எழுந்து போனது.

கோதண்டபாணி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஊர் வந்து பார்க்க ஆரம்பித்தது. வந்தவர்கள் தெரு முழுக்க மௌனமாக நடந்து, அந்தக் குடத்தையும் செருப்பையும் அண்ணாந்து பார்த்துக் கண் கலங்கி, சிகாமணி வீட்டு முன்னால் வந்ததும் வாயைப் பிளந்தார்கள். ஓர் அம்மாள் கேட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டுப் போனாள். இன்னொருத்தர் தேங்காய் உடைத்தார். வீட்டைப் பிரதட்சணம் செய்ய வந்தவர்களைப் பின்பக்கத்து செப்டிக் டேங்க் தடுத்தது.

சிகாமணி சும்மா இருப்பாரா. கேட்டருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இந்தப் பக்கம் ஒரு சுவர் மாதிரி தண்ணி, அந்தப் பக்கம் ஒரு சுவர் மாதிரி தண்ணி. நடுவுல நான் ஈஸி சேர்ல உக்காந்து பேப்பர் படிக்கறேன். தண்ணிக்குள்ளேர்ந்து ஒரு விரால் என்னையே பாக்குது. என்னடா பாக்கறேன்னேன். திரும்பிப் போயிடுச்சு."

"பேப்பர்காரன் எப்படி சார் வந்தான்?"

"அது முந்தின நாள் பேப்பர்."

வீடு கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சிகாமணி இப்போது பொறுக்கி எடுத்தார். பிள்ளை குட்டி அதிகம் இருந்தால் வேண்டாம். நாய் வேண்டாம். மிருதங்கம் வேண்டாம். கடைசியில் அவருக்குப் பிடித்தது ஒரு சின்னக் குடும்பம். லோகு, ஏசி மெக்கானிக். அவன் மனைவி யுவராணி. கைக்குழந்தை ஒன்று, இன்னும் தலை நிற்கவில்லை.

அவர்கள் வீடு பார்க்க வந்தபோது கோதண்டபாணி எதிரில் நின்று, காற்றில் அறுந்த குக்கர் மூடியைத் திரும்பக் கட்டச் சொல்லி அந்த வீட்டுக்காரரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். யுவராணி சொன்னது காதில் விழுந்தது.

"போன வருஷம் இருந்த வீட்ல தண்ணி வந்துடுச்சு சார். நான் அப்ப மாசமா இருந்தேன். கட்டில் மேல ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தேன். தண்ணி வராதுன்னு புரோக்கர் சொன்னா நம்ப மாட்டேன். இவரு சொன்னாலும் நம்ப மாட்டேன். இந்தத் தெருவே சேர்ந்து கட்டின கயிறு பாருங்க, அதை நம்பலாம். மத்த வீடெல்லாம் நிஜத்தைச் சொல்லியிருக்கே."

"அதேதான்," என்றார் சிகாமணி. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அட்வான்ஸோடு வருவதாகப் பேச்சு.

கோதண்டபாணி ஓட்டமும் நடையுமாக டீச்சரிடம் போனார். டீச்சர் தெருமுனைக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அவுத்துடுங்க டீச்சர்."

"எதை?"

"அந்தப் பொய்யை. பச்சைக் குழந்தை டீச்சர். ஐப்பசி வந்தா அந்த ஹால்ல கழுத்தளவு நிக்கும். நம்ம கயித்தை நம்பித்தான் வர்றாங்க."

"அது நான் போட்ட முடிச்சு இல்லியே சார்."

"நான் அவுக்கறேன்."

"நீங்க போட்டதும் இல்ல."

கோதண்டபாணிக்கு முதல் தடவையாக குருவின் மேல் கோபம் வந்தது. "அப்ப வெள்ளிக்கிழமை என் பெட்டியோட வருவேன். அவங்க பணம் குடுக்கறதுக்கு முன்னாடி, தெரு நடுவுல மட்டக் கருவியை நிறுத்தி, தண்ணி எங்க நின்னுச்சுன்னு சத்தமா சொல்லுவேன். உங்க கலை கெட்டாலும் சரி."

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நல்லது சார். கட்டாயம் வாங்க. நீங்க சொல்லலேன்னா நான் சொல்றதாத்தான் இருந்தேன். ஆனா அவருக்கு அதுவரைக்கும் நேரம் குடுப்போம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் அது அவர் கயிறு."

வெள்ளிக்கிழமை வந்தது. வானம் வடகிழக்கில் கறுத்திருந்தது. கோதண்டபாணி பெட்டியைக் கையில் தூக்கி, மட்டக் கருவியின் முக்காலியைத் தோளில் சாத்திக்கொண்டு, சண்டைக்குப் போகிறவர் மாதிரி வந்தார். டீச்சர் சிகாமணி வீட்டுக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்திருந்தது. உள்ளே ஹால் முழுக்கத் தெரிந்தது.

லோகு பையைத் திறக்கப் போனான். யுவராணி தடுத்தாள்.

"இரு. முதல்ல தூளி கட்டிப் பாக்கறேன். கொக்கி தாங்குதான்னு தெரியணும். சார், இவனைக் கொஞ்சம் பிடிங்க."

சிகாமணி வேண்டாம் என்பதற்குள் குழந்தை அவர் கைக்கு வந்துவிட்டது. யுவராணி ஒரு பழைய சேலையை விட்டத்துக் கொக்கியில் போட்டு இழுத்துக் கட்டினாள். தூளி இறங்கி, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் நின்றது.

"நல்லாருக்கு. குடுங்க சார், போட்டுப் பாக்கலாம்."

சிகாமணி கொடுக்கவில்லை. தூளியைப் பார்த்தார். வாசப்படியைப் பார்த்தார். குழந்தை கொட்டாவி விட்டது. அவர் கை, தானாகவே, கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனது. மார்பு உயரம். தோள் உயரம். தலைக்கு மேல் குழந்தையை ஏந்திக்கொண்டு, ஹாலின் நடுவில், நனையாத காலோடு சிகாமணி நின்றார்.

தெருவில் கோதண்டபாணி பெட்டியின் பூட்டில் கை வைத்திருந்தார். டீச்சர் அவர் முழங்கையை மெல்லப் பிடித்தார்.

"என்ன சார் பண்றீங்க?" என்றாள் யுவராணி.

"இந்த ஹால்ல தூளி வேண்டாம்மா."

"ஏன்? தண்ணி வாசப்படியைத் தொடலன்னீங்களே."

"தொடலம்மா. பாத்துக்கிட்டிருக்கும்போதே படிக்கு மேலால வந்துடுச்சு. இதோ, இவன் இருக்கான் பாரு. இதுவரைக்கும்."

லோகு பையை மூடினான். சிகாமணி குழந்தையை இறக்கி அவளிடம் கொடுத்தார்.

"நீங்க மாடியில இருங்க. நாங்க கீழ வந்துடறோம். வாடகை அதேதான்."

மாடிப்படியிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்கறேன். கீழ இருக்கலாமா?"

"மூணு வருஷமா என் முட்டி அதைத்தானே சொல்லுது. தண்ணி வந்தா மேல போயிட்டுப் போறோம். அந்தப் பொண்ணு நம்மளை உள்ள விடாமலா போயிடும்?"

"கதவைத் திறந்தே வெப்பேன்," என்றாள் யுவராணி.

சிகாமணி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். எதிரில் டீச்சரும் கோதண்டபாணியும் நிற்பதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி குனிந்து, இறுக்கிப் போட்ட இரண்டு முடிச்சையும் அவிழ்க்க ஆரம்பித்தார். நகம் உடைந்தது. யாரையும் கூப்பிடவில்லை. அவிழ்த்த கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு ஸ்டூலில் ஏறி, கையை எட்டும் மட்டும் நீட்டி, விளக்குக் கம்பத்தில் ஒன்று, ஜன்னல் கம்பியில் ஒன்று கட்டினார். நேராகிவிட்டதால் கயிறு மிச்சமாகித் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு இறங்கிப் போய், கேட்டிலிருந்து 'டு லெட்' பலகையைக் கழற்றி வந்து, அந்த மிச்சத்தில் கட்டித் தொங்கவிட்டார்.

காற்று வந்தது. குடம், செருப்பு, துருத்தி, குக்கர் மூடி எல்லாம் மிதந்தன. பலகையும் அவற்றோடு சேர்ந்துகொண்டது.

தெருவில் நின்றவர்கள் ஒருவரும் அவரைக் கிண்டல் செய்யவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் கேட்டார். "அந்த விரால் என்ன ஆச்சு சிகாமணி?"

"தலைக்கு மேல போச்சுப்பா. நான்தான் அண்ணாந்து பாக்கல."

கோதண்டபாணி, என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்த வேலையைச் செய்தார். முக்காலியை விரித்து, மட்டக் கருவியைப் பொருத்தி, அதன் மட்டக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கயிற்றைப் பார்த்தார். முதல் வீடு, சரி. இரண்டாவது, சரி. ஆச்சரியமாக, கையால் காட்டிக் கட்டிய எல்லா வீடும் ஏறக்குறைய ஒரே மட்டம். சிகாமணி வீட்டுக்கு வந்தார். மறுபடி பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"டீச்சர்."

"சொல்லுங்க சார்."

"அவரு ஒரு சாண் தூக்கிக் கட்டிட்டாரு. தண்ணி அவ்வளவு வரல. மத்த வீட்டோட சேரல பாருங்க. நான் போய் இறக்கச் சொல்லட்டுமா?"

டீச்சர் கயிற்றடிக்குப் போனார். முதல் வீட்டுக்காரர் தொங்கவிட்ட காலிக் குடத்தைக் காட்டினார்.

"சார், மூடி போட்ட காலிக் குடத்தைத் தண்ணிக்குள்ள அமுக்கிப் பிடிச்சிருக்கீங்களா?"

"சின்ன வயசுல, ஏரியில."

"கையை விட்டா என்ன ஆகும்?"

"மேல வந்து மட்டத்துல நிக்கும்."

"நிக்கும் சார். ஆனா முதல்ல மட்டத்துக்கு மேல ஒரு துள்ளு துள்ளும். அந்தத் துள்ளலை அளக்க உங்க பெட்டியில ஏதாவது இருக்கா?"

கோதண்டபாணி குமிழியைப் பார்த்தார். அது நடுவில் அசையாமல் நின்றது. கருவியைக் கழற்றித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.